கல்லாறு தாண்டினால் பல்சக்கரம்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்கு மலை ரயில் கிளம்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "எஞ்சினை ஏன்டா பின்னால மாட்டியிருக்காங்க?"

கல்லாறு வரை அதுவும் எல்லா ரயிலையும் போலத்தான் ஓடியது. அதைத் தாண்டியதும் வேகம் குறைந்து, அடியில் கடகடவென்று புதிதாக ஒரு சத்தம். தண்டவாளத்தின் நடுவே பதித்திருக்கும் பல் பட்டையை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டது. 1899-இல் குன்னூர் வரை போட்ட பாதை. ஏற்றம் கடுமையான இடங்களில் சுமார் பன்னிரண்டு மீட்டர் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறியிருப்போம்.

பக்கத்துச் சிறுமியின் தண்ணீர் பாட்டில் கை நழுவி விழுந்தது. சீட்டுக்கு அடியில் பின்பக்கமாக உருண்டு, பலகையில் முட்டி நின்றது. எடுத்துக் கொடுத்தேன். அவள் வேண்டுமென்றே மறுபடி தரையில் வைத்தாள். மறுபடி அதே இடம்!

நான் மேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதுகு பலகையில் நன்றாகப் பதிந்திருந்தது. எதிரே அம்மா முன்னால் சரியாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டிருந்தாள். என் எடை 64 கிலோ. பூமி இழுப்பது தரையில் இருந்த அதே இழுப்புதான், ஆனால் சரிவில் அது இரண்டாகப் பிரிகிறது. சீட்டின் மேல் அழுத்துவது கிட்டத்தட்ட முழு எடையும். சரிவோடு கீழே இழுப்பது சுமார் 5 கிலோ. முதுகில் தெரிந்தது அந்த ஐந்து கிலோதான். பள்ளியில் கரும்பலகையில் அம்புக்குறியாகப் பார்த்ததை உடம்பில் உணர்வது எவ்வளவு பெரிய சந்தோஷம்!

இதே கணக்கில், வண்டியின் ஒவ்வொரு 100 டன்னுக்கும் சுமார் 8 டன் கீழே இழுக்கும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் வெறும் இரும்புச் சக்கரம் வழுக்கிவிடும், அதற்குத்தான் பல். மணிக்கு 13 கிலோமீட்டர் என்று சீராக ஏறினோம். வேகம் மாறவில்லை என்றால், எஞ்சின் தள்ளுவதும் மலை இழுப்பதும் உராய்வும் சேர்ந்து கணக்கு நேராகிவிட்டது என்று அர்த்தம்.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. எங்கள் பெட்டிக்காரரிடம் அம்மா அதே கேள்வியைப் போட்டாள்.

"முன்னாடி இருந்தா, கொக்கி அத்துக்கிச்சுன்னா பெட்டியெல்லாம் கீழ ஓடிருமுங்கம்மா. இப்ப எஞ்சின் அணை மாதிரி கீழ நிக்குதுங்க."

நான் ஒரு பக்கம் எழுதி விளக்கினாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

குன்னூரோடு பல் பட்டை முடிந்தது. ஊட்டி, இரண்டு நாள், நல்ல குளிர்.

இறங்கும்போது பள்ளத்துப் பக்கம் இருக்கும் எஞ்சின்தான் முன்னால் வரும். இழுக்கும் வேலையை மலை பார்த்துக்கொள்கிறது. எஞ்சினுக்குத் தாங்கும் வேலை. விசில் கேட்டதும் பிரேக்ஸ்மேன்கள் பிரேக்கை இறுக்கினார்கள்.

அம்மா ஏறியதும் யோசிக்கவே இல்லை. மலையைப் பார்த்த சீட்டில் போய், முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.