சீல் மாற்றியும் நிற்காத டிஃபரன்ஷியல் ஒழுக்கு

பழைய அம்பாசிடர் காரின் டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பட்டறையில் கொடுத்துப் பேரிங் மாற்றி, உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்களின் பொருத்தம் பார்த்து மாட்டியாகிவிட்டது. சத்தம் துளியும் இல்லை. ஆனால் உச்சிப்புளி வீட்டு வாசலில் நிறுத்தினால், விடிந்ததும் சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு வட்டம். தொட்டால் விரலில் கெட்டியாக வழுக்குகிறது, கந்தக வாடை வேறு, ஆக பிரேக் ஆயில் இல்லை, கியர் ஆயில்தான். பினியன் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையமான பினியன் சீலை மாற்றினேன், ஒழுகியது. வேறு கடையில் வாங்கி மறுபடி மாற்றினேன், அப்போதும் ஒழுகியது. "டூப்ளிகேட் சீலுப்பா" என்று எல்லோரும் பேச்சை முடித்துவிடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த சந்தேகம் பிரீதர், அதாவது டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உள்ள காற்றுத் துளை. ஓடும்போது ஆயில் சூடாகி உள்ளே காற்று விரியும், அது வெளியேற வழி இல்லையென்றால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வரும். நம் பக்கத்து உப்புக்காற்றில் பிரீதர் துருவேறி அடைத்துக்கொள்வது சகஜம். 2017-ல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு வருவதற்கு முன்னால் கடல் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடிய வேன், ஜீப்புகளுக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு: சூடான ஹவுசிங் தண்ணீர் பட்டுக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகவே உப்புத்தண்ணீரை இழுத்துவிடும், ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போகும். என் ஆயில் தெளிவாகத்தான் இருந்தது. பிரீதரைக் கழற்றிப் பார்த்தால் ஹவுசிங்குக்குப் பெயிண்ட் அடித்தபோது ஓட்டை பாதி மூடியிருக்கிறது. கம்பி விட்டுக் குத்தி எடுத்ததும் ஒழுக்கு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. குறைந்ததுதான் பெரிய குழப்பம்.

சீல் உரசும் இடத்தில் ஃபிளாஞ்ச் (பினியன் முனையில் நட்டுப் போட்டுப் பிடித்திருக்கும் இணைப்புத் தட்டு) தேய்ந்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் வீண். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், எங்கும் சிக்கவில்லை. ஆயில் அளவும் சரி.

அப்புறம்தான் சாக்பீஸ் வைத்தியம். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பவுடர் தூவிப் பார்க்கச் சொல்வார்கள், ஆனால் பாம்பன் பாலத்துக் காற்றில் பவுடராவது நிற்பதாவது. சாக்பீஸைப் பொடித்து ஸ்பிரிட்டில் கரைத்து, டீசல் போட்டுக் கழுவிக் காயவைத்த ஹவுசிங் முகப்பிலும் ஃபிளாஞ்சிலும் பிரஷ்ஷால் பூசினேன். காய்ந்ததும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. தங்கச்சிமடம் வரை போய்த் திரும்பி, டார்ச் அடித்துக்கொண்டு அடியில் படுத்தேன். சீலைச் சுற்றி வெள்ளை அப்படியே இருக்கிறது! ஃபிளாஞ்சும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் (கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் தண்டு) சேரும் இணைப்பிலிருந்துதான் ஈரக் கோடுகள் வெளிப்பக்கமாகத் தெறித்திருந்தன. நாலு போல்ட்டையும் கழற்றி ஷாஃப்ட்டை இறக்கினால், நட்டு உட்காரும் குழியில் ஆயில் தேங்கி நிற்கிறது.

ராமநாதபுரத்தில் மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "வாஷருக்குக் கீழ சிலிகான் வச்சாங்களா தம்பி?" என்றார். வைக்கவில்லை. சீல் காவல் காப்பது ஃபிளாஞ்சின் வெளிப்பக்கத்தை மட்டும். உள்ளே ஃபிளாஞ்சும் பினியன் தண்டும் கோத்துக்கொள்ளும் நீளவாக்குப் பற்களான ஸ்பிளைனில், பல்லுக்குப் பல் இருக்கும் இடைவெளி வழியாக ஆயில் ஊர்ந்து வந்து வாஷருக்கு அடியில் கசிகிறது, வண்டி ஓடும்போது சுழற்சியில் வெளியே வீசப்படுகிறது. பிரீதர் அடைப்பு அந்தக் கசிவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நட்டிலும் பினியன் முனையிலும் பஞ்ச் குறி வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் போட்ட டிஃபரன்ஷியலில் நட்டைக் கூடுதலாக இறுக்கினால் பேரிங் போய்விடும். ஸ்பிளைனைப் பெட்ரோலில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெளிமுனையிலும் வாஷருக்கு அடியிலும் மெல்லிசாக கேஸ்கெட் சிலிகான் தடவி, நட்டைப் பழைய குறிக்கே கொண்டுவந்தேன். அப்பிவிட்டால் மிச்சம் பேரிங் பக்கம் போகும், அதனால் மெல்லிசாகத்தான். ராத்திரி முழுக்கக் காயவிட்டேன்.

மறுபடி சாக்பீஸ் பூசி தனுஷ்கோடி வரை ஓட்டியாகிவிட்டது. இணைப்பில் ஈரம் இல்லை, வாசலிலும் வட்டம் இல்லை. டிஃபரன்ஷியலை ஹவுசிங்கோடு பிடிக்கும் ஸ்டட் ஒன்றில் மட்டும் லேசாக வியர்க்கிறது, சொட்டும் அளவுக்கு இல்லை. அதற்காக முழுசாக இறக்கும் எண்ணம் இல்லை, அடுத்து பேப்பர் கேஸ்கெட் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம்.