தம்பியிடம் முருகன் பேசியபோது

என் தம்பிக்கு பைபோலார், மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய். மேனியா என்கிற அந்த ஏற்றம் வந்தால் தூக்கம் போய்விடும். சம்பளப் பணத்தை வழியில் போகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பான். "வேல் என் நாக்கில இறங்கிடுச்சு, இனிமே எனக்குச் சோறு வேண்டாம்" என்பான்.

மூளைக் கோளாறு என்று பூஜை அறையைப் பூட்டச் சொன்னார் அப்பா. இது அருள், கோயிலில் கட்டிப்போட்டால் தெளிந்துவிடும் என்றார் சித்தி. கட்டிப்போடுவது என்றதுமே எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று சொல்லித்தான் சித்தியை நிறுத்தினேன்.

அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் முதலில் கேட்டது, "நல்லா இருக்கும்போது எப்படிச் சாமி கும்பிடுவார்?" என்றுதான். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்களோடு பழனிக்கு நடப்பான், திரும்பி வந்து வேலைக்குப் போவான் என்றேன். அந்த பக்தியை நோயோடு சேர்த்துவிடாதீர்கள் என்றார். தூக்கமும் வேலையும் கெட்டு, கூட நடக்கிறவர்களே அவனைப் பார்த்துத் திகைத்தால்தான் நோயைச் சந்தேகிக்க வேண்டுமாம். முருகன் பேசவில்லை என்று வாதாடக் கூடாது. எனக்கும் கேட்கிறது என்று ஒத்து ஊதவும் கூடாது. என்ன சொல்கிறார், கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லிக் குரல் வந்தால் உடனே அழைத்து வந்துவிட வேண்டும்.

அடுத்த முறை ஏறியபோது அப்படியே கேட்டேன். "இப்பவே மலைக்கு வரச் சொல்றார்க்கா. பயமா இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து பயம் என்று நான் கேட்டது அன்றைக்குத்தான். "சரி, அந்தப் பயத்தை டாக்டர்கிட்ட சொல்லுவோம், வா" என்றேன். வந்தான். நோய் என்று சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் விரதம். அவன் இந்த நோய்க்குச் சாப்பிடுவது லித்தியம் மாத்திரை. தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி விஷமாகிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் ஆபத்து. கந்த சஷ்டி விரதத்தை மருத்துவர் தடுக்கவில்லை. தண்ணீரைக் குறைக்காமல், உப்பை விடாமல் ஒருவேளைச் சாப்பாடு, மற்ற நேரம் பாலும் பழமும் என்று அவனோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தார். விரதத்தின் நடுவில் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தைப்பூசத்துக்கும் தம்பி பழனிக்கு நடந்தான். மாத்திரை நேரம் குருசாமிக்குத் தெரியும். ஒரு ராத்திரி அவன் தூங்காவிட்டாலும் எனக்குப் போன் வரும்.