தங்கச்சிமடத்திலிருந்து வங்கித் தேர்வு ஆங்கிலம் வரை: தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு

"தமிழை ஓரமா வச்சுட்டு இங்கிலீஷ்லயே யோசிக்கப் பழகு." தமிழ் மீடியத்தில் படித்த யாரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க முடியாது. மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் விசாரிக்கப் போனபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். கூடவே, "தமிழ் மீடியமா, அப்போ இங்கிலீஷ் செக்‌ஷன் கஷ்டம்தான்" என்று முடிவும் கட்டிவிட்டார்கள். நான் அங்கே சேரவில்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற எங்கள் ஊர் தங்கச்சிமடத்தில் வீட்டிலிருந்தே படித்து வங்கி எழுத்தர் தேர்வில் தேறினேன், அதுவும் தமிழை ஓரமாக வைக்காமல், தமிழைக் கையில் பிடித்துக்கொண்டே. இப்போது எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் தம்பி தங்கைகள் சாயங்காலம் வந்து "எப்படிக்கா படிச்சீங்க" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேர்வைப் பற்றிக் கொஞ்சம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற ஐபிபிஎஸ் அமைப்பின் எழுத்தர் (இப்போது அறிவிப்பில் "கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்" என்று இருக்கும்) முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 30 மதிப்பெண், 20 நிமிடம். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கணக்கும் ரீசனிங்கும் தமிழிலேயே எழுதலாம், 2021-லிருந்து அந்த வசதி வந்துவிட்டது. ஆனால் ஆங்கிலப் பகுதிக்கு மட்டும் தப்பிக்க வழி இல்லை, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகக் கட்ஆஃப், அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், தாண்ட வேண்டும், கணக்கில் எவ்வளவு அள்ளினாலும் ஆங்கிலத்தில் விழுந்தால் வெளியேதான். நம்ம பிள்ளைகள் பலர் நிற்கிற இடம் அதுதான்.

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா கணவாய், நண்டு தரம் பிரிக்கிற வேலைக்குப் போவார். வீட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகை வந்ததே கிடையாது. ஆனால் ஒன்று தினமும் வந்தது, வானிலை அறிக்கை. சென்னை வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு ஆங்கில வாக்கியம் என்பது பிடிபடத் தொடங்கியது என்று சொல்வேன்.

ஆங்கிலத்தில் இப்படி இருக்கும்: "ஸ்குவாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் 35 டு 45 கேஎம்பிஎச் கஸ்டிங் டு 55 கேஎம்பிஎச் இஸ் லைக்லி டு பிரிவெய்ல் ஓவர் கல்ஃப் ஆஃப் மன்னார்." தமிழில், மன்னார் வளைகுடாப் பகுதியில் சூறாவளிக்காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும். சரி, இதில் எழுவாய் எது? "ஸ்குவாலி வெதர்". வினை எது? எங்கேயோ தள்ளி நிற்கிற "இஸ்". நடுவில் காற்று, வேகம், எண்கள் என்று எவ்வளவு வந்தாலும் அந்த "இஸ்" ஒருமையாகவே இருக்கிறது, ஏனென்றால் அது பார்ப்பது "வெதர்" என்ற எழுவாயை மட்டும்தான். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகள் பலவற்றில் இந்த ஒரே தந்திரம்தான், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் பன்மைச் சொல் ஒன்றைப் போட்டு நம்மை ஏமாற்றுவது. எழுவாயைத் தேடுவது நமக்குப் புதிய வேலையா என்ன? ஆறாம் வகுப்பிலிருந்து தமிழய்யா அதைத்தானே செய்ய வைத்தார்.

"கஸ்டிங்" என்றால் என்ன என்று அகராதியில் பார்த்தும் எனக்குத் தெளிவாகவில்லை. அப்பா திண்ணையில் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார், அறிக்கையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அதுவா, கச்சான் விட்டுவிட்டு அடிக்கும்ல, சும்மா இருந்துட்டு ஒரே தூக்கா தூக்கும், அது" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொல் எனக்கு மறக்கவே இல்லை. ஆங்கிலம் தெரியாத மனிதர் எனக்கு ஆங்கிலச் சொல் சொல்லிக்கொடுத்தார், ஏனென்றால் காற்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றை ஆங்கிலத்தில் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கருத்து முன்பே மனதில் இருக்கும், மொழியை மட்டும் கவனித்தால் போதும். அமெரிக்கப் பங்குச் சந்தையைப் பற்றிய தலையங்கத்தை எடுத்துக்கொண்டு முதல் நாளே உட்கார்ந்தால் விஷயமும் புரியாது, மொழியும் புரியாது, மனம்தான் விட்டுப்போகும்.

அதே அறிக்கையின் கடைசி வரி, "ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு தீஸ் ஏரியாஸ்." தமிழில் "அறிவுறுத்தப்படுகிறார்கள்". அந்தப் "படு" இருக்கிறதே, அதுதான் பாஸிவ் வாய்ஸ். செய்வினை, செயப்பாட்டுவினை என்று படித்தது அப்படியே இதுதான். ஒரே ஓர் எச்சரிக்கை: அறிக்கைகளிலும் தலைப்புச் செய்திகளிலும் "த" என்ற ஆர்ட்டிகிளை விட்டுவிடுவார்கள். தேர்வில் "த கல்ஃப் ஆஃப் மன்னார்", "த பே ஆஃப் பெங்கால்" என்றுதான் எழுத வேண்டும்.

ஆர்ட்டிகிள் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி. தமிழில் உயிரெழுத்துக்கு முன்னால் ஓர், மற்றதற்கு ஒரு. ஓர் ஊர், ஒரு படகு. ஆங்கிலத்தில் "ஆன்", "எ" இரண்டுக்கும் இதே விதிதான். அந்த ஆங்கிலச் சொல்லைக் காதில் கேட்கிறபடி தமிழில் எழுதிப் பாருங்கள். "அவர்", அதாவது மணி நேரம், "அ"-வில் தொடங்குகிறது, ஆகவே "ஆன் அவர்", ஆங்கில எழுத்தில் எச் முன்னால் நின்றாலும் பரவாயில்லை. "யூனிவர்சிட்டி" "யூ"-வில் தொடங்குகிறது, அது உயிர்மெய், ஆகவே "எ யூனிவர்சிட்டி". "யூரோப்பியன்" அப்படியே. "எம்பிஏ" "எ"-யில் தொடங்குகிறது, "ஆன் எம்பிஏ". ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் குழப்புகிற சொற்கள் தமிழில் எழுதிப் பார்த்தால் குழப்புவதில்லை. "ஒன்" என்ற சொல்லை மட்டும் "வன்" என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒலி அதுதான், "எ ஒன்-ருப்பீ காயின்".

வேற்றுமை உருபுதான் எனக்கு மிகவும் கைகொடுத்தது. மூன்றாம் வேற்றுமை "ஆல்" கருவிப் பொருளிலும் வரும், கருத்தாப் பொருளிலும் வரும் என்று படித்திருப்பீர்கள். கத்தியால் வெட்டினான், இது கருவி, ஆங்கிலத்தில் "வித்". அப்பாவால் பின்னப்பட்ட வலை, இது கருத்தா, ஆங்கிலத்தில் "பை". அப்புறம் இரண்டாம் வேற்றுமை "ஐ". தேர்வில் அடிக்கடி வருகிற பிழை, தேவையில்லாத இடத்தில் ஒரு பிரிபொசிஷனை ஒட்டவைப்பது: "ரீச்ட் டு மண்டபம்", "மேரீட் வித் ஹெர்", "ரிசெம்பிள்ஸ் டு ஹிஸ் ஃபாதர்", "டிஸ்கஸ் அபவுட் த பிராப்ளம்". நல்ல எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். மண்டபத்தை அடைந்தார், அவளை மணந்தார், அப்பாவை ஒத்திருக்கிறான், பிரச்சினையை விவாதித்தோம். எல்லாம் "ஐ", எல்லாம் செயப்படுபொருள், ஆகவே நடுவில் எதுவும் வேண்டாம். "என்ட்டர்" மட்டும் இந்தக் கணக்கில் சேராது (அறைக்குள் நுழைந்தான் என்றுதானே சொல்கிறோம், ஆனால் ஆங்கிலத்தில் அங்கேயும் நடுவில் எதுவும் வேண்டாம், "என்ட்டர்ட் த ரூம்"தான்), அதைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள்.

நேரத்தைக் குறிக்கும் பிரிபொசிஷன்களுக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மீன்பிடித் தடைக்காலமே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். தடை தொடங்குவது "இன் ஏப்ரல்", குறிப்பாக "ஆன் ஏப்ரல் 15". மொத்தம் "ஃபார் 61 டேஸ்". மே மாதத்தில் யாராவது கேட்டால் படகுகள் "சின்ஸ் ஏப்ரல் 15" கரையில் நிற்கின்றன. தடை நேரத்தில் அப்பா வீட்டில் இருப்பது "டியூரிங் த பேன்". கடலுக்குப் போகிற நாளில் ஆட்கள் கிளம்புவது "அட் ஃபைவ் ஓ க்ளாக்". இன்னும் தொடர்கிற ஒன்றைச் சொல்லும்போது தமிழில் "-லிருந்து" வந்தால் "சின்ஸ்", "-ஆக" வந்தால் "ஃபார்". 15-ஆம் தேதியிலிருந்து, 61 நாளாக. இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் துணைக்கு வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். "அப்பா இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறார்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வோம். ஆங்கிலத்தில் "ஹேஸ் பீன் கோயிங்". வருஷமாக, மாதமாக என்று தமிழில் தோன்றினால் அந்த இடத்தில் நின்று யோசியுங்கள். அதேபோல நேற்று, போன வருஷம், 2019-இல் என்று முடிந்துபோன நேரம் வந்தால் "ஹேவ்" போடவே கூடாது, "ஐ சா ஹிம் எஸ்டர்டே" அவ்வளவுதான். "ஒன் ஆஃப் த" என்று தொடங்கினால் அடுத்து வரும் பெயர் பன்மை, வினை ஒருமை: "ஒன் ஆஃப் த போட்ஸ் ஹேஸ் ரிட்டர்ன்ட்". "எ நம்பர் ஆஃப் போட்ஸ்" என்றால் பல படகுகள், "ஆர்". "த நம்பர் ஆஃப் போட்ஸ்" என்றால் படகுகளின் எண்ணிக்கை, "இஸ்". அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், லக்கேஜ், இவற்றின் பின்னால் எஸ் வரவே வராது.

சொல்வளத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள், ஆனால் தனிச் சொல்லாக எழுதாதீர்கள். தினம் இத்தனை சொல் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் என்பது என் உறுதியான கருத்து, க்ளோஸ் டெஸ்ட்டில் (நடுநடுவே சொற்கள் விடுபட்ட பத்தியை நிரப்புவது) அது கொஞ்சமும் உதவாது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைத்தான் அங்கே கேட்கிறார்கள். "காஸ்ட்" என்று எழுதி "வீசு" என்று எதிரில் எழுதுவதைவிட, "காஸ்ட் எ நெட்", "காஸ்ட் எ வோட்", "காஸ்ட் டவுட் ஆன்" என்று மூன்றாக எழுதுங்கள், கூடவே இறந்தகாலத்திலும் அது "காஸ்ட்"தான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேர் கிடைத்தால் குடும்பத்தையே எழுதுங்கள்: டிசைட், டிசிஷன், டிசைசிவ், டிசைசிவ்லி, இன்டிசிஷன். எந்த இடத்தில் பெயர், எந்த இடத்தில் பெயரடை, எந்த இடத்தில் வினையடை என்று தெரிந்தாலே கொடுத்த விடைகளில் இரண்டு தானாக விழுந்துவிடும்.

கொஞ்சம் பழகியதும் செய்திக்கு வாருங்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது எல்லா ஆங்கிலப் பத்திரிகையும் அதைப் பற்றி எழுதியது, இணையத்தில் இன்றும் கிடைக்கும். 1914-இல் வந்த பழைய பாலம், புதிய பாலத்தில் கப்பலுக்காகச் செங்குத்தாக மேலே தூக்கும் 72.5 மீட்டர் பகுதி, எல்லாம் நாம் கண்ணால் பார்த்தது. முதலில் தமிழ்ச் செய்தியைப் படியுங்கள், பிறகு ஆங்கிலத்தில் இரண்டு பத்திரிகைகளில் படியுங்கள். ஒரே விஷயத்தை இரண்டு பேர் எப்படி வேறு வேறு சொற்களில் சொல்கிறார்கள் என்று பார்த்தால் சினானிம் தானாக வரும். ஊர்க் கிளை நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகை கிடைத்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

தேர்வறையில் நான் பத்தியை முதலில் தொடவில்லை. பிழை கண்டுபிடிப்பது, கோடிட்ட இடம், க்ளோஸ் டெஸ்ட், கடைசியில்தான் காம்ப்ரிஹென்ஷன், அதாவது பத்தியைப் படித்து விடை சொல்வது. பத்திக்குப் போனாலும் முதலில் கேள்விகளைப் படித்துவிட்டுத்தான் பத்தியைப் படித்தேன். எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் திறமைதான், ஊகத்தில் தட்டினால் கால் கால் மதிப்பெண்ணாகப் போய்க் கட்ஆஃபுக்குக் கீழே கொண்டுபோய்விடும். முதல்நிலை மதிப்பெண் முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற மட்டும்தான், இறுதிக் கணக்கில் வராது. முதன்மையில் ஆங்கிலம் 40 கேள்வி, 35 நிமிடம், அங்கே படிக்க வேண்டிய நீளம் அதிகம், பத்திரிகை படித்த பழக்கம் அங்கேதான் தெரியும்.

செலவு செய்ய வழியில்லாதவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் விசாரியுங்கள், இலவச வகுப்பு நடத்துகிறார்கள். நான் முதல்வன் திட்டத்திலும் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி உண்டு.

பிள்ளைகள் என்னிடம் கேட்பதிலேயே பெரிய கேள்வி, "அக்கா, எனக்கு இங்கிலீஷ் பேசவே வராதே, நான் போடலாமா" என்பது. தாராளமாகப் போடலாம். எழுத்தர் தேர்வுக்கு நேர்காணல் கிடையாது. ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, வயது 20 முதல் 28 வரை, ஓபிசி பிரிவுக்கு மூன்று ஆண்டும் எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. பேசுவது வேலைக்குப் போன பிறகும் பழகிக்கொள்ளலாம், ராமேஸ்வரத்துக்கு வருகிற வடநாட்டு யாத்ரீகர்களும் நம்மைப் போலத் தட்டுத்தடுமாறித்தான் ஆங்கிலம் பேசுகிறார்கள், ஒருவருக்கொருவர் நன்றாகவே புரிகிறது. அறிவிப்பு வந்ததும் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நாளில் தளம் திணறும். புகைப்படம், கையெழுத்து, இடது கட்டைவிரல் ரேகை, கைப்பட எழுதிய உறுதிமொழி நான்கையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த உறுதிமொழியை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், வாசகம் அறிவிப்பிலேயே இருக்கும், கேபிட்டல் எழுத்தில் எழுதினால் ஏற்கமாட்டார்கள்.