டைஜஸ்டருக்குள் கிடந்த மணல்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் கேட்பது, "இதிலிருந்து எவ்வளவு கரண்ட் எடுக்கிறீர்கள்?" என்றுதான். கேள்வி நியாயமானது. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் 2000-களின் நடுவிலேயே கசடிலிருந்து கிடைக்கும் வாயுவில் என்ஜின் ஓட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை அது. ஆனால் பழைய டைஜஸ்டர்களைப் புதுப்பிக்கும் வேலையிலேயே இருந்துவருபவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: வாயு எவ்வளவு வரும் என்பதை என்ஜின் தீர்மானிப்பதில்லை. சாக்கடைத் தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கிற மணல் பிரிக்கும் தொட்டிதான் தீர்மானிக்கிறது.

டைஜஸ்டர் என்பது காற்றுப் புகாமல் மூடிய பெரிய கான்கிரீட் தொட்டி. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கசடு அதற்குள் சுமார் 20 நாள் இருக்க வேண்டும். ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் கசடை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை உண்டு மீத்தேன் தரும். முதல் கூட்டம் வேகமானது, எதையும் தாங்கும். இரண்டாவது கூட்டம் மெதுவாகப் பெருகும். சூடு ஓரிரு டிகிரி சட்டென்று மாறினாலே வாடிவிடும். 35 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே சீராகக் கலக்கி, ஒரே அளவாக ஊட்டிக்கொண்டிருந்தால் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன் உள்ள வாயு கிடைக்கும். நம் ஊர் வெயிலில் சூடாக்கும் செலவு குறைவு. குளிர்நாட்டுக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய வசதி இது.

நான் சொல்லவந்த நிலையம் ஒரு நடுத்தர நகரத்தினுடையது, ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே வருடத்துக்கு வருடம் வாயு குறைந்துகொண்டே வந்தது. என்ஜின் பாதி நாள் நின்றது. புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் ஆலோசனைக் கூட்டத்தில் பெரிய பெரிய யோசனைகள் வந்தன. வாஷிங்டன் நகரின் புளூ பிளெயின்ஸ் நிலையத்தில் 2015-இல் செய்ததைப் போல, கசடை டைஜஸ்டருக்கு அனுப்புவதற்கு முன் 160 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் வேகவைக்கும் முறையைக் கொண்டுவரலாம் என்றார் ஒருவர். அருமையான தொழில்நுட்பம்தான், அங்கே சுமார் 10 மெகாவாட் எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் டைஜஸ்டருக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை.

அதைத் தெரிந்துவைத்திருந்தவர் அங்கே நெடுங்காலமாக வேலை பார்த்த ஆப்பரேட்டர். ஒப்பந்தத் தொழிலாளி, கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை. மாலையில் பம்ப் ஹவுஸில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "சார், கீழ் வால்வைத் திறந்தா பைப்புல கரகரன்னு சத்தம் வருது. மூணு வருஷமாவே இப்படித்தான். பம்ப்பு இம்பெல்லரு எத்தனை மாத்தியாச்சுன்னு ஸ்டோர்ல கேளுங்க." கேட்டேன். பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை மாற்றிய பில்களே முழுக் கதையையும் சொல்லின. அப்புறம் மேல்தளத்தில் மாதிரி எடுக்கும் குழாய்கள் வழியாக எடை கட்டிய கம்பியை இறக்கிப் பார்த்தோம். எங்கே தரை இருக்க வேண்டுமோ, அதற்கு வெகு மேலேயே கம்பி தட்டி நின்றது.

மணல் இப்படிச் சேர்வதில் ஆச்சரியம் இல்லை. மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் ஆள்நுழைவுக் குழி மூடி வழியே உள்ளே இறங்குகிறது, விரிசல் விட்ட குழாய்க்குள் மண் வருகிறது, வீடு கட்டுகிற இடத்து மணல் அப்படியே சாக்கடைக்குப் போகிறது. மணல் பிரிக்கும் தொட்டியில் வாரி எடுக்கும் இயந்திரம் பழுதாகி நின்றால் யாரும் பதறுவதில்லை, ஏனென்றால் வெளியே போகும் தண்ணீரின் தரத்தில் அது உடனே தெரியாது. அந்த மணல் அத்தனையும் கசடோடு போய் டைஜஸ்டரின் அடியில் படுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,000 கன மீட்டர் தொட்டி, தினம் 350 கன மீட்டர் கசடு என்றால், கசடு உள்ளே 20 நாள் இருக்கும். தொட்டியில் கால்பங்கை மணல் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது 5,250. கசடு உள்ளே இருக்கும் காலம் 15 நாளாகிவிடும். மெதுவாகப் பெருகும் மீத்தேன் நுண்ணுயிரிகளுக்கு இருந்த அவகாசத்தை நாம் அந்த அளவுக்குக் குறைத்துவிடுகிறோம் என்று அர்த்தம். இன்னொரு பக்கம், அதே கசடை 3 சதவீதத் திடப்பொருள் அளவிலிருந்து 5 சதவீதத்துக்குக் கெட்டியாக்கி அனுப்பினால் தினசரி அளவு 350-லிருந்து 210 ஆகிவிடும். சுத்தம் செய்த அதே தொட்டியில் கசடு 33 நாள் இருக்கும். புதுத் தொட்டி கட்டவில்லை, ஒரு கன மீட்டர் கான்கிரீட்கூடப் போடவில்லை. கசடைக் கெட்டியாக்கும் திக்கனரைச் சரிசெய்வதைப் போல மலிவான மேம்பாடு இந்தத் துறையில் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஆக, முதல் வேலை தொட்டியைக் காலிசெய்வது. எனக்குப் பயம் இருந்தது இதில்தான். ஊட்டத்தை நிறுத்தி, வாயு அடங்கும்வரை காத்திருந்து, குழாய்களை வால்வை மட்டும் நம்பாமல் பிளைண்டு ஃபிளாஞ்சு என்ற இரும்பு மூடித்தகடு போட்டு அடைத்து, நைட்ரஜன் செலுத்தி மீத்தேனை வெளியேற்ற வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இன்னும் மோசம். 100 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே மூக்கு மரத்துப்போகும், நாற்றம் இல்லையே என்று நம்பி உள்ளே போனவர் திரும்ப மாட்டார். நம் நாட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி, ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரும் சேர்ந்து செத்த செய்தி எத்தனை முறை படித்திருக்கிறோம். மனிதரைக் கழிவுக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய 10 லட்ச ரூபாய் இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. இதெல்லாம் தெரிந்தும், டெண்டரில் 'தொட்டி சுத்தம்' என்று ஒரே வரியில் குறைந்த விலை போட்டிருந்தார்கள். அந்த விலைக்கு ஆளை இறக்கி மண்வெட்டியால் அள்ளுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது.

அந்த வரியை மாற்றாமல் வேலையைத் தொடங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். வாக்குவாதம் நீண்டது, வேலை தாமதமானது, என்மேல் கோபமும் வந்தது. கடைசியில் கூரைத் திறப்புகள் வழியாக உயர் அழுத்தத்தில் சுத்திகரித்த தண்ணீரைப் பீய்ச்சி மணலைக் குழம்பாக்கி, மணல் தாங்கும் நீர்மூழ்கி பம்ப்பால் வெளியே எடுத்தோம். தொட்டி கிட்டத்தட்ட காலியான பிறகு, காற்றோட்டம் கொடுத்து, வாயு அளவு பார்த்து, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியோடுதான் சோதனைக்கு ஆள் போனார். எடுத்துக் குவித்த மணலில் தலைமுடி, துணி, ஷாம்பு பாக்கெட் எல்லாம் கயிறு போல முறுக்கிக் கிடந்தன.

இயந்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாயுவைக் கொப்பளிக்க விட்டுக் கலக்கும் பழைய முறையை எடுத்துவிட்டு, குழாய்க்குள் விசிறி சுற்றும் மிக்சர்களைப் போட்டோம். அவற்றைப் பின்பக்கமாகவும் சுற்றவிடலாம். சுற்றிக்கொண்ட துணியும் முடியும் உதிர்ந்துவிடும். துருப்பிடித்த இரும்பு கேஸ் ஹோல்டருக்குப் பதில் இரட்டைச் சவ்வு பலூன் வந்தது. என்ஜினுக்கு முன்னால் ஹைட்ரஜன் சல்பைடை நீக்கும் அமைப்பு வந்தது. அது இல்லாமல் என்ஜின் வாங்குவது வீண்; எண்ணெய் அமிலமாகி உள்பாகங்கள் அரித்துப்போகும்.

மறுபடி உயிர் கொடுப்பதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டியிருந்தது. பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போல, ஓடிக்கொண்டிருந்த பக்கத்து டைஜஸ்டரிலிருந்து கசடு எடுத்து நிரப்பினோம். அப்புறம் ஊட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினோம். தினமும் ஆய்வகத்தில் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்போம், 0.3-ஐத் தாண்டினால் அன்று ஊட்டத்தைக் குறைத்துவிடுவோம். பிஎச் மட்டும் பார்த்தால் போதாது. அது இறங்கும் நேரத்தில் காரியம் கைமீறியிருக்கும். ஆரம்பத்தில் வந்த வாயுவில் கரியமில வாயுதான் அதிகம், மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் குழாயான ஃபிளேரில் பற்றவே இல்லை. "இத்தனை செலவு செய்து எரியவில்லையே" என்று மேலிடத்திலிருந்து தினம் ஒரு போன். ஊட்டத்தை வேகமாகக் கூட்டச் சொன்னார்கள். ஆய்வக முடிவுகளை அனுப்பி மறுத்தோம். மீத்தேன் பாதிக்குமேல் ஏறியதும் தீ நின்று எரிந்தது. கரகர சத்தத்தைச் சொன்ன அந்த ஆப்பரேட்டரைத்தான் ஃபிளேரைப் பற்றவைக்கச் சொன்னோம்.

இப்போது அங்கே ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை தள்ளுவண்டி மணல் வெளியே போனது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். அந்தப் பதிவுக்காக நான் மிகவும் மன்றாட வேண்டியிருந்தது. இரண்டாவது டைஜஸ்டரின் முறை அடுத்து வரவிருக்கிறது. அதன் டெண்டர் வரைவில் மூன்று திருத்தம் கேட்டிருக்கிறேன்: மணல் வாரும் இயந்திரம் முதலில் ஓட வேண்டும்; தொட்டியைச் சுத்தம் செய்வதற்கு இயந்திர முறைக்கான தனி விலை வேண்டும்; திட்டக் கூட்டத்தில் ஆப்பரேட்டர்களுக்கு நாற்காலி வேண்டும். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதற்கு இன்னும் பதில் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.