உப்பளத்தில் ஆறு ரோல்

பரணில் கிடந்த தாத்தாவின் அக்ஃபா கிளிக் III கேமராவில்தான் இது தொடங்கியது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் சதுரப் படங்களெல்லாம் அதில் 120 என்ற அகலமான பிலிம் ரோல் போட்டு எடுத்தவை. நெகட்டிவ் உறை ஒன்றில் ஊட்டியில் தயாரான இந்து பிலிமின் பெயர்கூட இருந்தது. கேமரா இனித் தேறாது. ஆனால் உள்ளங்கை அகல நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதே 120 ரோல் போடும், மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் கொண்ட பழைய மமியா சி220 கேமரா ஒன்றை வாங்கிவிட்டேன்.

இதே வகைக் கேமராவான யாஷிகா மேட் இதைவிட இலகுவானது. ஆனால் அதில் லென்ஸைக் கழற்ற முடியாது. மமியாவில் மேலே பார்க்கும் லென்ஸ், கீழே படம் பிடிக்கும் லென்ஸ் இரண்டும் ஒரே பலகையில் ஜோடியாகக் கழன்று வரும். வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டரும் அந்த ஜோடிக்குள்ளேயே இருக்கிறது. ஆக, லென்ஸ் வாங்குகிறவர் ஷட்டரையும் சேர்த்தே சோதித்து வாங்க வேண்டும்.

முதல் ரோலின் பன்னிரண்டு படங்களில் நான்கு வெறுமையாக வந்தன. இதில் பிலிமைச் சுற்றுவது ஒரு வேலை, லென்ஸின் ஓரத்தில் உள்ள சிறு பிடியை இழுத்து ஷட்டரை ஏற்றுவது தனி வேலை. மறந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாலும் கேமரா ஒன்றும் சொல்லாது. எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்த படத்துக்குச் சுற்றிவிடுவேன். இப்போது ஒவ்வொரு முறையும் 'சுற்று, ஏற்று' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்கிறேன்.

கேமராவோடு வந்தது 80 மி.மீ. லென்ஸ் (இந்த எண் கூடக் கூட, படத்தில் அடங்கும் பரப்பு குறுகும்). 35 மி.மீ. பிலிமில் பழகிய எனக்கு அது முகம் எடுக்கும் லென்ஸாகத் தோன்றியது. இங்கே ஒரு படத்தின் அளவு 56க்கு 56 மி.மீ. அதனால் 80 என்பது அங்கே 44 போட்டதற்குச் சமம். 55 என்றால் 30, 135 என்றால் 74. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பைக்குள் ஒட்டிவைத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

லென்ஸின் திறப்பு எஃப் 2.8 (எண் சிறிதானால் திறப்பு பெரிது) என்றதும் பின்னணியைக் கரைத்து எடுக்கலாம் என்று கனவு கண்டேன். தூத்துக்குடி உப்பளத்தில் காலை ஒன்பது மணிக்கே அந்தக் கனவு கலைந்தது. ஷட்டரின் உச்ச வேகம் 1/500 விநாடி. ஹெச்பி5 போன்ற 400 வேக பிலிம் (எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) போட்டால், வெண்மை எதிரொளிக்கும் அந்தப் பாத்திகளுக்கு நடுவே எஃப் 22 வரை மூட வேண்டியிருந்தது. 2.8ஐ நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 125 வேக எஃப்பி4க்கு மாறியதும் 1/500இல் ஏறக்குறைய எஃப் 11 கிடைத்தது. நம் ஊர் வெயிலில் லென்ஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட பிலிமை மாற்றுவது மலிவு. இன்னொன்று: உப்புக் குவியலின் வெளிச்சத்தை அளந்து மீட்டர் சொன்னபடியே எடுத்தால் உப்பு சாம்பலாகிவிடுகிறது. ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்டிய பிறகே வெள்ளை வந்தது.

மூன்றாவது ரோலின்போது உப்பு வாரும் பலகையோடு நின்ற ஒரு அம்மா, "என்ன தம்பி, பெட்டியைக் கும்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா; கேள்வி நியாயமானதுதான். சிரித்துக்கொண்டே நெருங்கி எடுத்தேன். கழுவிப் பார்த்தால் நெற்றிக்கு மேல் தலையைக் காணோம். இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவே ஐந்து செ.மீ. இடைவெளி, கண்ணுக்குத் தெரிந்த தலைமுண்டு கீழ் லென்ஸுக்குத் தெரியவில்லை. இப்போது கிட்டப் போனால் முக்காலியில் வைத்து, பார்த்து முடித்ததும் கேமராவை ஐந்து செ.மீ. உயர்த்திவிட்டு அழுத்துகிறேன்.

நண்பரிடம் 180ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினேன். அருமையான லென்ஸ், எனக்கு ஒத்துவரவில்லை. அவ்வளவு தள்ளி நின்றால் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். பிறகு 135 வாங்கினேன். ஒன்றரை மீட்டரில் எஃப் 4.5 வைத்தால் துல்லியம் ஐந்தாறு செ.மீ. ஆழத்துக்கு மட்டுமே, கண்ணுக்கு ஃபோகஸ் செய்தால் காது போய்விடும். அந்தத் தூரத்தில் பெல்லோஸ் (லென்ஸை முன்னால் தள்ளும் மடிப்புத் துருத்தி) நீள்வதால் வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆறு ரோலில் எனக்குப் பிடித்த படங்களை எண்ணினால் பெரும்பாலும் 80இல் எடுத்தவைதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கழுவுவது வீட்டில்தான். ஐடி-11 என்ற பிலிம் கழுவும் மருந்துக்கு சம அளவு தண்ணீர் சேர்த்து, ஹெச்பி5க்கு 20 டிகிரியில் 13 நிமிடம். எங்கள் குழாய்த் தண்ணீர் எப்போதும் முப்பதைத் தாண்டியே வருகிறது. ஐஸ்கட்டித் தட்டு இல்லாமல் வேலை நடக்காது.

பாத்திகளின் விரிவுக்கு 80 போதவில்லை. 55 விலை கட்டுப்படியாகாததால் 65ஐத் தேடுகிறேன். முதலில் பார்த்த ஒன்றில், பின்னாலிருந்து டார்ச் அடித்ததும் ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை தெரிந்தது. ஒரு விநாடி ஷட்டரோ மூடிக்கொள்ள மூன்று விநாடி எடுத்தது. கடலோர ஊரில் பீரோவுக்குள் வைத்த லென்ஸின் கதி அது. நாளை மாலை இன்னொரு 65ஐப் பார்க்கப் போகிறேன். டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று.