சேரின் ஒலிநாடா

நாங்கள் ‘சேர்’ என்று அழைத்த எங்கள் சங்கீத ஆசிரியர் காலமானார் என்ற செய்தி வந்த இரவில்தான், கல்லூரி மலர்க்குழுவினர் கேட்டிருந்த இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அவரை நினைத்தால் எனக்குத் தேவாரத்துக்கு முன்னே குயின் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுதான் நினைவுக்கு வருகிறது.

1979ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், பெரிய மண்டபத்தில் கல்லூரிக் கீத ஒத்திகையை நிறுத்திவிட்டு, மூன்றாம் வரிசையில் நின்ற என்னிடம் வந்தார். “தம்பி, நீர் வாயை மட்டும் அசையும், சத்தம் வெளியில வரக்கூடாது” என்றார். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குரல் உடைந்துகொண்டிருந்த வயது. அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் விழாவன்று சத்தமின்றி வாயசைத்து நின்ற அந்தச் சில நிமிடங்கள் இன்றும் என் தொண்டையில் இருக்கின்றன.

அடுத்த கிழமை, இரவுப் படிப்பு முடிந்த பிறகு, விடுதி மேல்மாடியிலிருந்த தமது அறைக்கு என்னைக் கூப்பிட்டார். லண்டனிலிருந்த தம்பி அனுப்பிய கசற் ஒன்றைப் போட்டார். குயின் 1975இல் வெளியிட்ட பொஹீமியன் ராப்சொடி என்ற பாட்டு அது. பெருங்கூட்டம் ஒன்று பாடுவதுபோல எழும் நடுப்பகுதி முடிந்ததும் நாடாவை நிறுத்தி, எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று கேட்டார். நூறு பேராவது இருக்கும் என்றேன். மூன்றே பேர் என்றார். குழுவின் பிரெடி மேர்க்குரி, பிரயன் மே, ரொஜர் டெயிலர் ஆகிய மூவரும் மறுபடி மறுபடி பாடி, குரலின்மேல் குரலாகப் பதிந்து, அந்த ஒரு பகுதிக்கே மூன்று கிழமை உழைத்தார்கள் என்றும், ஓடி ஓடித் தேய்ந்த மூல நாடாவின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது என்றும், தம்பி அனுப்பிய சஞ்சிகையில் படித்ததை விளக்கினார். 5 நிமிடம் 55 விநாடி நீண்ட பாட்டை வானொலிகள் தொடாது என்று பலர் பயந்தார்களாம். அது பிரித்தானியாவில் ஒன்பது கிழமை முதலிடத்தில் நின்றது. ஒத்திகையைப்பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. கசற்றின் மற்றப் பக்கத்தையும் போட்டார்.

1984இல் நான் லண்டனுக்குப் புறப்பட்டேன். மறு ஆண்டு ஜூலை 13ஆம் திகதி, ஆறு பேர் தங்கியிருந்த லண்டன் வீட்டின் சிறிய தொலைக்காட்சியில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியைப் பார்த்தேன். வெம்பிளி அரங்கில் 72,000 பேர். பிரெடி ஒரு சுரத்தை நீட்டி எறிய, அரங்கு முழுவதும் அதைத் திருப்பிக் கொடுத்தது. இரவு வேலைக்காகப் பக்கத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தும், என்னை அறியாமல் நானும் வாய்விட்டுப் பாடிவிட்டேன்.

கிழக்காபிரிக்கத் தீவான சன்சிபாரில் பிறந்து, இந்தியாவில் பஞ்ச்கனி விடுதிப் பாடசாலையில் வளர்ந்து, அங்கேயே தோழர்களோடு முதல் இசைக்குழு அமைத்தவர் பிரெடி என்பதை இங்கு வந்தபின்பே அறிந்தேன். 1964இல் சன்சிபார்ப் புரட்சிக்குத் தப்பி அவர் குடும்பம் லண்டன் வந்தது. ஹீத்ரோவில் பொதி தூக்கியும் அவர் சம்பாதித்தார். விடுதிப் பையன் ஒருவனின் குரலைத்தான் கேட்டோம் என்று சேருக்கு எழுத எத்தனையோ முறை நினைத்தேன்.

1991 நவம்பர் 24இல் பிரெடி எயிட்ஸ் நோயால் இறந்தார். மூன்று மாதம் கழித்துச் சேரின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லாத காலம். கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலை விடுதிப் பையன் ஒருவன் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி கேட்டுச் செய்தியை அறிந்தாராம். அன்றிரவே அதே டைனமோவில் அந்தக் கசற்றையும் போட்டிருக்கிறார். “பையனுக்குக் கை சோரச் சோரக் குரலும் இறங்கிக்கொண்டு போச்சுது. மிச்சத்தை நானே பாடி முடித்தேன். நீர் நின்றிருந்தால் உம்மையும் பாடச் சொல்லியிருப்பேன்” என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.