பரேசியின் முழங்கால்

இன்று 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் பழைய ஒளிப்பதிவைப் பார்த்தபோது, என் கண் பந்தை விட்டு இத்தாலியத் தடுப்பாட்டக்காரர் ஃபிராங்கோ பரேசியின் முழங்காலிலேயே நின்றுவிட்டது.

அதே தொடரில் நார்வேக்கு எதிராக முழங்கால் குருத்தெலும்பு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட அந்த 34 வயது வீரர், காயம்பட்ட 24ஆம் நாள் பசடேனா வெயிலில் இறங்கி, பிரேசிலின் ரொமாரியோவும் பெபெட்டோவும் 120 நிமிடங்கள் கோல் அடிக்காதபடி தடுப்பை வழிநடத்தினார்.

பிறகு வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி சுற்றில் இத்தாலியின் முதல் பெனால்டியை அவரே அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

தடுப்பாட்டக்காரர் காப்பாற்றியவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

அவரது கிளப்பான மிலான் இருமுறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் விலகாமல் அங்கேயே ஆடியவருக்காக, 1997இல் அவர் ஓய்வு பெற்றதும் அந்த அணி 6ஆம் எண் சட்டையையே நிறுத்திவைத்தது.

ஒளிப்பதிவின் முடிவில் அவர் அழுகிறார்.